ஒரு துண்டு மிச்சம்

சமையலறையை இனியும் இப்படியே விட்டுவைக்க முடியாது என்று எண்ணிக்கைக்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அன்றோடு பதினேழு நாள். முதல் பதினாறு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதைத் தம் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருந்தார். தொண்டைக்கட்டு என்று மனைவி நினைத்திருந்தாள்.

எண்ணிக்கைக்காரர் என்பது வேலை பார்த்த இடத்தில் அவர்மேல் ஒட்டிக்கொண்ட பெயர். விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில், கருவி அறைக்கு முப்பத்தொரு வருடம் பொறுப்பாளராக இருந்தவர். கருவி அறைச் சுவர் முழுக்கப் பலகைகள். பலகை முழுக்க ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர்கள், குறடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்பு மையில் வரையப்பட்டிருக்கும். மெக்கானிக் வருவான், தன் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியில் மாட்டுவான், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவான். சாயங்காலம் எல்லா உருவமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் விமானம் நகராது. உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் நகராது. மறந்து வைத்த ஒரு ஸ்பேனர் என்ஜினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவருக்கு அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறக்கூட யோசனை வரும்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். எதிரே சமையலறை. அங்கே கரண்டிகள் ஒரு ஜாடியில் தலைகீழாகச் செருகப்பட்டு, கூட்டமாக, யாருக்கும் பதில் சொல்லாமல் நின்றன.

மனைவி கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், அலுவலகக் கூட்டம், பள்ளி விழா என்று வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கேக் அந்தச் சமையலறையிலிருந்து போகும். அன்று அவள் வெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒன்றே கால் மணி நேரத்தில் எண்ணிக்கைக்காரர் காரியத்தை முடித்தார். திரும்பி வந்தபோது சுவரில் நாற்பத்து மூன்று கறுப்பு உருவங்கள் இருந்தன. அலமாரி டப்பா ஒவ்வொன்றிலும் அவருடைய முத்து முத்தான எழுத்தில் பெயர்ச்சீட்டு இருந்தது. அடுப்பு மேடை ஓரத்தில் ஒரு நோட்டும் பேனாவும், பத்துப் பித்தளை வில்லைகளும் இருந்தன. வில்லைகள், ஹேங்கரில் அவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தவை. கொடுத்தவர்கள் இந்த விளைவை யோசித்திருக்க மாட்டார்கள்.

"என்னங்க இது?"

"பலகை."

"இது செவுரு."

"இப்போதைக்குச் செவுரு. நாளைக்குப் பலகை அடிச்சிடலாம்."

"அந்த மூலையில பூதம் மாதிரி ஒண்ணு நிக்குதே?"

"சல்லடை."

"சல்லடைக்கு எதுக்குங்க நிழல்?"

"எடுத்தா எடம் காலியாத் தெரியும். தெரிஞ்சா தேட வேண்டாம்."

"நான் என்னிக்குச் சல்லடையைத் தேடினேன்?"

எண்ணிக்கைக்காரர் நியாயஸ்தர். யோசித்துப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவள் சல்லடையைத் தேடி அவர் பார்த்ததில்லை. ஆகவே வேறு வழியாக வந்தார்.

"தேடற நிலைமை வந்துடக் கூடாதுன்னுதான்."

"இந்த வில்லை?"

"கரண்டி எடுக்கறப்போ அந்த எடத்துல உன் வில்லையை மாட்டணும். நோட்டுல கையெழுத்து. திருப்பிக் கொடுக்கறப்போ இன்னொரு கையெழுத்து."

"என் கரண்டிக்கு நானே கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"ஒரு கேக்குக்கு எத்தனை தடவை நான் கரண்டி எடுப்பேன் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதைத்தான் நானும் சொல்றேன். யாருக்குமே தெரியாது!"

மனைவி வெண்ணெய்ப் பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க ஸ்பேனரை எண்ணினீங்க. அந்த ஏரோப்ளேன்ல ஒரு திருகு, ஒரே ஒரு திருகு, நீங்க முடுக்கியிருக்கீங்களா?"

இந்தக் கேள்வி எண்ணிக்கைக்காரருக்குப் புதிதில்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அதே கேள்வியை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். ஆனால் கண்ணாடி கேட்பது வேறு, கையில் வெண்ணெயோடு ஒருத்தி நின்று கேட்பது வேறு.

"அது என் வேலை இல்லை" என்றார்.

"அப்போ ஒண்ணைச் செய்யறவங்களுக்கு என்ன கஷ்டம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல்ல நீங்க ஒண்ணைச் செஞ்சு காட்டுங்க. முழுசா. உங்க கையால. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டு அலமாரியின் உச்சியைக் காட்டினாள்.

அங்கே ஒரு பெட்டி இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பாவின் ஓய்வுக்கு அனுப்பிய பரிசு. உள்ளே பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொண்டே போனால் ஒரு பழைய காலத்துப் பயணிகள் விமானம் வரும். நான்கு புரொப்பெல்லர், மூன்று வால், மீன் முதுகு போல வளைந்த உடம்பு. பெட்டியின் மேல் எழுதியிருந்தது: 2,163 துண்டுகள்.

மகள் அதைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணிக்கைக்காரர் வேலைக்குச் சேர்ந்த வருடம், அப்படி ஒரு விமானம் ஹேங்கரின் பின்புறம் பறப்பதை மறந்து நின்றுகொண்டிருந்தது. அதன் இறக்கை நிழலில் உட்கார்ந்துதான் இரண்டு வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். ஒருநாள் லாரி வந்து துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போனது. அதைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது லாரி போன பிறகுதான். இதை மகளுக்கு அவள் சின்ன வயதில் சொல்லியிருந்தார். சொன்னதை அவர் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை.

"சரி" என்றார். "எழுதிக்கலாம்."

எழுதிக்கொண்டார்கள். விமானம் முழுமையாக நின்ற மறுநாள் முதல் சமையலறை, கருவி அறை முறைக்கு உட்படும். அதுவரை சமையலறைப் பக்கம் அவர் தலைகாட்டக் கூடாது. இவ்வளவும் மனைவி சொன்னது. எண்ணிக்கைக்காரரின் மனசாட்சி ஒரு வரி சேர்த்தது: எப்போதாவது ஒரு துண்டு மிச்சம் என்று தெரிய வந்தால், விமானத்தைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும், கட்டி முடியும்வரை சமையலறை பழையபடி.

"அது எதுக்குங்க?"

"ஹேங்கர் விதி. ஒரு திருகு மிச்சம் இருந்தா விமானம் முடிஞ்சதா அர்த்தமில்லை. ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா, ராத்திரி ஏழு மணி இருக்கும், மேசை மேல ஒரே ஒரு திருகு..."

"மேசை மேல ஒரே ஒரு திருகு. நீங்க விசில் ஊதினீங்க. மொத்த என்ஜினையும் பிரிச்சாங்க. தெரியும்." மனைவி பேனாவை வாங்கினாள். "நானும் ஒரு வரி சேர்க்கிறேன். ஹேங்கர் விதி பன்னெண்டும், ஒண்ணு விடாம, சமையலறைக்குப் பொருந்தும்."

எண்ணிக்கைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் தாம் சொன்னதையெல்லாம் இவள் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

*

முன்னறை மேசையில் வேலை ஆரம்பமானது. துண்டுகள் எண் போட்ட பொட்டலங்களில் இருந்தன. ஒட்டிய பொட்டலத்தை மொத்தமாகப் பிரித்து எண்ணக் கூடாது, அது தயாரித்தவர் பொறுப்பு என்பது நான்காம் விதி. ஒவ்வொன்றாகப் பிரித்தார், வழிகாட்டிப் புத்தகத்தில் படத்தைப் பார்த்தார், பொருத்தினார். தவறாகப் பொருத்தினார். கழற்றினார். பெட்டியோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கழற்றும் கருவி வந்திருந்தது. மேசை மேல் ஒரு தாள் ஒட்டி, அதில் அந்தக் கருவியின் உருவத்தை வரைந்து, அதன் மேலேயே வைத்தார். எடுக்கும்போது வில்லை வைத்துவிட்டுத்தான் எடுத்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அதற்காக விதியைத் தளர்த்த முடியாது.

எதிர் வீட்டுப் பல் டாக்டர் சாயங்காலங்களில் எட்டிப் பார்ப்பார். தரைத்தளத்தில் அவருக்கு ஒரு கிளினிக். கூட்டம் இருக்காது.

"எந்த நிலைமையில இருக்கு?"

"மூணாவது என்ஜின்."

"வாயைத் திறந்து வச்ச மாதிரியே இருக்கு" என்று பல் டாக்டர் என்ஜினுக்குள் குனிந்து பார்ப்பார். அவருக்கு எல்லாமே வாய்தான்.

இருபத்து மூன்றாம் நாள் விமானம் நின்றது. நான்கு புரொப்பெல்லரும் சுற்றின. மூன்று வாலும் நேராக இருந்தன. சக்கரம் உள்ளே மடங்கியது, இழுத்தால் வெளியே வந்தது. எண்ணிக்கைக்காரர் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். தாம் செய்தது என்று ஒன்றை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. மகளைச் சேர்க்கலாமா என்று யோசித்தார். அதில் தமது பங்கு சிறிது என்று விட்டுவிட்டார்.

பிறகு மேசையைப் பார்த்தார். மேசையில், மிளகு அளவில், ஐந்து துண்டுகள் மிச்சம் இருந்தன.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "முடிஞ்சுதா? அழகா இருக்கே!"

"அஞ்சு மிச்சம்."

"இவ்வளவூண்டுதானே. விடுங்க."

"விடறதா? மேசை மேல ஒரே ஒரு திருகு..."

அவள் அந்த ஐந்து துண்டுகளையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "விதின்னா விதிதாங்க" என்றாள். "பிரிச்சிடுங்க."

தம் பக்கம் இவ்வளவு உறுதியாக அவள் நின்றதை எண்ணி அவர் நெகிழ்ந்தார். பிரித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. பொட்டலங்களின் சீல்தான் உடைந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் எண்ணினார். 2,168. பெட்டி சொன்னதைவிட ஐந்து அதிகம்.

மறுநாள் சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, குட்டித் துண்டு நாலஞ்சு எப்பவும் கூடுதலாப் போட்டுத்தான் அனுப்புவாங்க. தொலைஞ்சா வச்சுக்கட்டும்னு. நீங்க சரியாத்தான் கட்டியிருக்கீங்க!"

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நேத்துத்தான் பிரிச்சு முடிச்சேன்."

"முந்தாநாளே அம்மாகிட்ட சொன்னேனே?"

எண்ணிக்கைக்காரர் திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் நின்று முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேங்க" என்றாள்.

நூற்றுப் பதினைந்து கிராம் சர்க்கரையை நூற்றுப் பதினாறாக ஒருநாளும் போடாதவள் அவள். இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. 'என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்றே' என்ற துக்கத்தில் அவர் மூழ்கியிருந்தார். துக்கத்தில் ஆளுக்குக் காது சரியாக வேலை செய்வதில்லை.

*

இரண்டாம் தடவை பதினாறு நாளில் முடிந்தது. கை பழகிவிட்டது. சில இடங்களில் புத்தகத்தைப் பார்க்காமலே பொருத்தினார். மேசையில் ஐந்து குட்டித் துண்டுகள் சரியாக மிச்சம் இருந்தன. அவற்றை ஒரு தட்டில் வைத்து, விமானத்தைத் துடைத்து, மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, துடைத்த துணியை அலசிப் போட்டுத் திரும்பினார்.

தட்டில் ஆறு இருந்தன. ஆறாவது குட்டி இல்லை. நல்ல கட்டை விரல் அளவு. வெள்ளை. மேலே எட்டுக் குமிழ்.

"இது பெரிசா இருக்கேங்க" என்றாள் மனைவி, கவலையாக.

"பெரிசா இருந்தா உதிரி இல்லை."

"எங்கிருந்து விட்டுப் போயிருக்கும்?"

"தெரியலை."

"ரெக்கைக்குள்ளயா இருக்குமோ?"

"ரெக்கைக்குள்ளதான் இருக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "வெளியில எல்லாம் சரியா இருக்கு. உள்ளதான் எங்கயோ தப்பு."

இந்த வாக்கியத்தை அவர் விமானத்தைப் பற்றித்தான் சொன்னார். சொன்ன பிறகு அது தம்மைப் பற்றியதோ என்று சந்தேகம் வந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஒரு துண்டு கேக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாகக் கேட்டாலும் கிடைக்காது.

மறுபடி பிரித்தார். மறுபடி எண்ணினார்.

2,169.

எண்ணிக்கைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எண்ணினார். 2,169. போன தடவை 2,168. கட்டும்போது மேசையில் அவர் மட்டும்தான் இருந்தார். அவர் எதையும் வாங்கவில்லை. பிளாஸ்டிக் குட்டி போடாது.

அந்த வெள்ளைக் கட்டையை எடுத்தார். திருப்பினார். அடிப்பக்கக் குழியில் பொடியாக ஏதோ இருந்தது. மோந்து பார்த்தார்.

வெனிலா.

உடனே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு மெக்கானிக்கைக்கூட ஆதாரம் இல்லாமல் குற்றம் சொன்னதில்லை. வாசனையை ஆதாரம் என்று கொடுத்தால் அவள், 'இந்த வீட்டுல எதுலதான் வெனிலா வாசனை இல்லை, உங்க சட்டையை மோந்து பாருங்க' என்பாள். மோந்து பார்த்தார். இருந்தது.

ஆதாரம் வேண்டும். அதற்கு ஹேங்கரில் ஒரே வழிதான். எல்லாவற்றிலும் எண் பொறிப்பது.

*

"பல் வலிக்குது" என்றார் மறுநாள் காலை.

"அய்யோ. டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஒன்பது நாள் காட்டினார். பகல் பதினொன்று முதல் ஒன்று வரை, நோயாளிகள் வராத நேரத்தில், பல் டாக்டரின் நாற்காலி விளக்கடியில் கட்டைகளைக் குவித்து வைத்து, டாக்டரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனைப் பேனாவால் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் எண் எழுதினார். ஒன்று முதல் 2,168 வரை. மிளகு அளவுத் துண்டுகளுக்கு மட்டும் நோட்டில் எண், உடம்பில் ஒரு புள்ளி. வெனிலா கட்டைக்கு எண் போடவில்லை. அது அவர் சட்டைப் பையில் இருந்தது.

"எதுக்கு சார் இவ்வளவு?" என்றார் பல் டாக்டர், எண் எழுதியவற்றை இடுக்கியால் வரிசைப்படுத்திக்கொண்டே.

"ஒருத்தர் சேர்க்கறாங்க டாக்டர்."

"சேர்க்கறதுல என்ன சார்? என் கிளினிக்ல எடுத்துக்கிட்டுத்தான் போறாங்க."

வீட்டில் அந்த ஒன்பது நாளும் அவருக்கு மசித்த உருளைக்கிழங்குதான் கிடைத்தது. நீதிக்காக அதையும் விழுங்கினார்.

மூன்றாவது தடவை புத்தகம் தேவைப்படவில்லை. பன்னிரண்டே நாள். இடையில் சட்டென்று நிறுத்திப் பார்ப்பார், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாது, ஆனால் கை அடுத்த துண்டை எடுத்திருக்கும். உள்ளே ஓவன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். ஒரு மனிதன் எதற்காகக் கோபமாக இருக்கிறோம் என்பதையே இரண்டு மணி நேரம் மறந்துவிட முடியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடித்த அன்று பல் டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். தட்டில் ஐந்து குட்டித் துண்டுகளை வைத்தார். வேண்டுமென்றே எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, வாசலுக்கு வந்த டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார்.

தட்டில் ஆறாவதாக ஒரு நீலக் கட்டை இருந்தது.

"என்னங்க, மறுபடியும் ஒண்ணு மிச்சமா?" மனைவி வாசலிலிருந்து உச்சுக் கொட்டினாள். "பாவம். ரெக்கையாத்தான் இருக்கும்."

எண்ணிக்கைக்காரர் நீலக் கட்டையை எடுத்தார். பல் டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, கட்டையின் அடியில் காட்டினார்.

"நம்பர் இல்லை" என்றார்.

"விமானத்துல இருக்கற ஒவ்வொரு துண்டுலயும் நம்பர் இருக்கு" என்றார் எண்ணிக்கைக்காரர். இந்த வாக்கியத்தை அவர் பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தார். "இதுல இல்லை. அதனால இது விமானத்துத் துண்டு இல்லை. வெளியிலருந்து வந்தது. இந்த வீட்டுல ரெண்டே பேர். நான் போடலை."

பல் டாக்டர், வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மனைவி மறுக்கவில்லை. அலமாரிக்குப் போனாள், ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். 'சோடா உப்பு' என்று அதில் அவருடைய கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருந்தது. திறந்தாள். சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கட்டைகள்.

"உங்க பொண்ணுதான் அனுப்பி வச்சா. இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும்னு நினைச்சேன்."

"இதுல சோடா உப்புன்னு எழுதியிருக்கே."

"நீங்கதான் எழுதினீங்க. நீங்க எழுதின டப்பாவை நீங்க திறந்து பார்க்க மாட்டீங்கன்னு தெரியும்."

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு மாசம் என் கரண்டி என் கையில இருந்துச்சு. ஆர்டர் ஒண்ணுகூடத் தவறலை. நீங்களும் முன்னறையில உட்கார்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க. இருபத்தொன்பது வருஷத்துல உங்க குரல்ல பாட்டு நான் கேட்டதில்லை. சரி, ஓடட்டுமேன்னு விட்டுட்டேன்."

பாடியது எண்ணிக்கைக்காரருக்குத் தெரியாது. என்ன பாட்டு என்று கேட்கத் தோன்றியது. வெற்றி பெற்ற நேரத்தில் அது பொருத்தமாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

"ஆக, விமானம் முடிஞ்சாச்சு" என்றார்.

"முடிஞ்சாச்சு. நல்லாவும் இருக்கு." அவள் நோட்டை எடுத்தாள். "நாளைக்குக் காலையிலருந்து உங்க முறைங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டது அவருக்கு லேசாக உறுத்தியது. உறுத்தலை வெற்றியின் களைப்பு என்று எண்ணிக்கொண்டார்.

*

காலை ஐந்து மணிக்கு யாரோ தோளைத் தட்டினார்கள்.

"எந்திரிங்க. மூணாம் விதி."

"என்ன மூணாம் விதி?"

"முதல் தொழிலாளி வர்றதுக்கு முன்னால பொறுப்பாளர் இருக்கையில இருக்கணும். நான் அஞ்சு மணிக்கு ஆரம்பிப்பேன்."

சமையலறைச் சுவரோரம் ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. உட்கார்ந்தார். மனைவி எதிரே வந்து நின்றாள். "மாவு கரண்டி ஒண்ணு" என்றாள். வில்லையை நீட்டினாள். அவர் கரண்டியை எடுத்துக் கொடுத்து வில்லையை மாட்டினார். கையெழுத்து. "சல்லடை ஒண்ணு." வில்லை. கையெழுத்து. மனசுக்குள் ஏதோ பழைய இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்த மாதிரி இருந்தது. ஆறு மணிவரை அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஆறு மணிக்குக் கரண்டி திரும்பி வந்தது. அதில் மாவு அப்பியிருந்தது.

"இது அழுக்கா இருக்கே."

"ஒன்பதாம் விதி. திரும்பி வந்த கருவியை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, பலகையில மாட்ட வேண்டியது பொறுப்பாளர்."

எண்ணிக்கைக்காரர் திகைத்தார். விதி இருந்தது உண்மைதான். ஹேங்கரில் ஒன்பதாம் விதிக்கென்று ஓர் உதவியாளர் இருந்தார். முப்பத்தொரு வருடம் அந்த உதவியாளரே அதைச் செய்ததால், அப்படி ஒரு விதி இருப்பதையே எண்ணிக்கைக்காரர் மறந்திருந்தார்.

கழுவினார். துடைத்தார். மாட்டினார். திரும்புவதற்குள் முட்டை அடிக்கும் கம்பி வந்து நின்றது. அதன் பின்னால் வரிசையாக நான்கு கிண்ணம், க்ரீம் பிழியும் முனை இரண்டு, வெண்ணெய் ஒட்டிய ஒரு கத்தி. க்ரீம் முனையின் உள்ளே கழுவுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. விரல் போகாது. மனைவி சொல்லிக் கொடுத்தாள். பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தாள்.

பத்தரை மணிக்கு நடக்கப் போகலாம் என்று செருப்பை மாட்டினார்.

"எங்கங்க?"

"கொஞ்சம் காலாற..."

"அஞ்சாம் விதி. ஒரு கருவி வெளியில இருக்கறவரை பொறுப்பாளர் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கேக் டின் ரெண்டு ஓவனுக்குள்ள இருக்கு."

அவர் ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டு டின்களும் உள்ளே இருந்தன. சுவரில் அவற்றின் இரண்டு உருவங்களும் காலியாக இருந்தன. வில்லைகள் தொங்கின. சட்டப்படி எல்லாம் சரி.

மறுநாள் ஐந்து கேக். அதற்கு மறுநாள் ஏழு. சும்மா கிடைத்த ஓர் ஆள் இருப்பதால் ஆர்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ள முடிவதாக மனைவி போனில் மகளிடம் சொல்வது அவர் காதில் விழுந்தது. "ஒரு ஸ்பூன் தொலையலைடி. உங்கப்பா முறை பிரமாதம்" என்றாள். பல் டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சோப்பு நுரைக்குள் முழங்கைவரை போயிருந்த நண்பரைக் கண்டு, நோயாளி வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நோயாளி வருவதில்லை.

நான்காம் நாள் பிற்பகல். மனைவி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். எடுத்துப் போன கருவியெல்லாம் கழுவும் தொட்டிக்குத் திரும்பிவிட்டன. ஆகவே அவர் எழுந்திருக்கலாம். முன்னறைக்குப் போனார். விமானம் ஜன்னலோரம் நின்றது. வெயில் நான்கு புரொப்பெல்லர்களிலும் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடம் இறக்கை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர், இப்போது அதே இறக்கையின்மேல் குனிந்தார். இடது இறக்கையில், உடம்போடு சேரும் இடத்தில், மேல்தகட்டை நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறக் கட்டையைக் கழற்றினார். தகட்டைப் பழையபடி மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்தொரு வருட நாணயத்தில் முதல் ஓட்டை. இதைச் செய்பவன் நான்தானா என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தார். கை ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. நான்தான் என்று விரல்கள் சொல்லின.

மனைவி துணியோடு வந்தாள்.

"ஏம்மா..." குரலில் எவ்வளவு துக்கம் முடியுமோ அவ்வளவையும் சேர்த்தார். "மேசைக்கு அடியில இது கிடந்துச்சு. ஒரு துண்டு மிச்சம்."

"அடடா."

"விதின்னா விதிதான். பிரிச்சுத்தான் ஆகணும். பிரிச்சுக் கட்டறவரைக்கும் சமையலறை உன் வசம். எனக்கும் மனசு கேக்கலைதான். ஆனா எழுதி வச்சிருக்கோமே."

மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கட்டையைக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பினாள். அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"ஆயிரத்து இருநூத்தி ஆறு."

அவர் விமானத்தின் இடது இறக்கையைப் பார்த்தார்.

"நம்பர் இருக்கு. அதனால இது விமானத்துத் துண்டு. வெளியிலருந்து வந்தது இல்லை. இந்த வீட்டுல ரெண்டே பேர்." கட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "எடுத்த எடத்துலயே மாட்டிட்டு வாங்க. பெரிய டின் ரெண்டு ஊறிக்கிட்டு இருக்கு."